4கே மானிட்டர்: பெட்டியில் எழுதியிருப்பதும் கண்ணுக்கு வந்து சேர்வதும்

3840 × 2160. பெருக்கிப் பார்த்தால் 82,94,400 பிக்சல். 1080பி (1920 × 1080) திரையைப் போலச் சரியாக நான்கு மடங்கு. 1440பி (2560 × 1440) திரையைப் போல இரண்டேகால் மடங்கு. இந்தக் கணக்கை மட்டும் நம்பி 4கே மானிட்டர் வாங்கிவிட்டு, கேம் ஓடத் தொடங்கியதும் முகம் வாடுபவர்கள் நிறையப் பேர். நிற்கும் காட்சி பளிங்குபோல இருக்கிறது, மவுஸை அசைத்ததும் குழைந்துபோகிறது. சிலருக்கு ஃபிரேம், அதாவது அடுத்தடுத்து வரும் படம், விட்டுவிட்டு வருகிறது. இன்னும் சிலருக்குப் பழைய திரைக்கும் இதற்கும் பெரிய வித்தியாசமே தெரிவதில்லை. மூன்றுக்கும் காரணம் வேறு வேறு. மூன்றையும் பணம் கட்டும் முன்பே கண்டுபிடித்துவிட முடியும்.

பிக்சல் எண்ணிக்கை சொல்வது ஒரு மேல்வரம்பைத்தான். அந்த விவரம் கண்ணுக்கு வந்து சேர வேண்டுமானால் உட்காரும் தூரம் பொருந்த வேண்டும், கிராபிக்ஸ் கார்டு அத்தனை பிக்சலையும் நேரத்துக்குள் வரைந்து தர வேண்டும், பேனல் அதே வேகத்தில் நிறம் மாற வேண்டும், கேபிள் அவ்வளவு தரவையும் சுமக்க வேண்டும். இவற்றில் எது பின்தங்குகிறதோ அதன் அளவுக்குத்தான் படம் இருக்கும். அதனால் தேர்வை மானிட்டர் பட்டியலில் தொடங்க வேண்டாம். உங்கள் மேசையில் தொடங்குங்கள்.

கண்ணுக்கும் திரைக்கும் நடுவே

வழக்கமாக உட்காரும் நிலையில் உட்கார்ந்து, கண்ணிலிருந்து திரை வரை டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். பெரும்பாலான மேசைகளில் இது 55 முதல் 75 சென்டிமீட்டருக்குள் வரும். அடுத்து வேண்டியது பிக்சல் அடர்த்தி, அதாவது ஓர் அங்குலத்துக்கு எத்தனை பிக்சல் என்பது. 24 அங்குல 1080பி திரையில் 92. 27 அங்குல 1440பி-யில் 109. 32 அங்குல 4கே-யில் 138. 27 அங்குல 4கே-யில் 163.

நல்ல பார்வை உள்ள கண், பார்வைக் கோணத்தின் ஒரு பாகையில் 60 பிக்சல் வரை தனித்தனியாகப் பிரித்தறியும் என்பது பொதுவான அளவுகோல். இதிலிருந்து ஓர் எளிய கணக்கு கிடைக்கிறது: 8730-ஐ அடர்த்தியால் வகுத்தால், எத்தனை சென்டிமீட்டருக்கு அப்பால் பிக்சல்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும் என்று தெரியும். 27 அங்குல 1440பி-க்கு 80 செ.மீ. 32 அங்குல 4கே-க்கு 63. 27 அங்குல 4கே-க்கு சுமார் 54. ஆக, 65 செ.மீ. தூரத்தில் உட்காருபவருக்கு 32 அங்குல 4கே கச்சிதமாகப் பொருந்துகிறது. அதே இடத்தில் 1440பி திரையில் கூர்ந்து பார்த்தால் பிக்சல் தெரியும். ஒரு மீட்டர் தள்ளி உட்காருபவர் 27 அங்குல 4கே வாங்கினால், கூடுதல் பிக்சல்களில் பெரும்பகுதியைக் கண் பார்க்கவே போவதில்லை. ஆனால் அந்தப் பிக்சல்களை வரைய கார்டு முழு உழைப்பையும் கொடுத்துக்கொண்டிருக்கும்.

இந்த எல்லை கத்தி வெட்டியதுபோல இருப்பதில்லை. மின்கம்பி, வேலி, தொலைவிலுள்ள மரக்கிளை போன்ற மெல்லிய கோடுகளில் படிக்கட்டுபோல விழும் ஓரங்களை, இந்தக் கணக்கு சொல்வதைவிடக் கொஞ்சம் தள்ளியிருந்தும் கண் பிடித்துவிடும். கேம்களில் இந்த மினுமினுப்பு அதிகம் என்பதால் எல்லைக்குச் சற்று மேலே போவதில் தவறில்லை. இரண்டு மடங்கு மேலே போவதுதான் வீண்.

அடிக்கடி நடக்கும் ஒரு பிழையையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். 24 அங்குல 1080பி-யிலிருந்து 'மேலே போகிறோம்' என்று 32 அங்குல 1440பி வாங்குகிறார்கள். அடர்த்தி அதே 92தான். திரை பெரிதாகிறது, கூர்மை ஒரு துளியும் கூடுவதில்லை. 1440பி வேண்டுமென்றால் 27 அங்குலத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. 32 அங்குல ஆசை இருந்தால் அது 4கே-யாக இருக்கட்டும்.

32 அங்குலத் திரையின் அகலம் சுமார் 71 செ.மீ. அதன் ஸ்டாண்டு மேசையின் ஆழத்தில் கணிசமான இடத்தை எடுத்துக்கொள்ளும். 60 செ.மீ. ஆழமுள்ள மேசையில் ஸ்டாண்டோடு வைத்தால் திரை முகத்துக்கு வந்துவிடும். மூலையில் இருக்கும் மினிமேப்பைப் பார்க்கக் கழுத்தைத் திருப்ப வேண்டியிருக்கும். பின்பக்கம் 100 × 100 மில்லிமீட்டர் வெசா துளைகள் (தாங்கி மாட்டுவதற்கான பொது அளவுத் துளைகள்) உள்ள மாடலைத் தேர்ந்து, திரையைத் தாங்கிப் பிடிக்கும் மானிட்டர் ஆர்ம் மாட்டினால் 15 செ.மீ. வரைகூட மீட்க முடியும்.

கார்டு தாங்குமா?

பிக்சல் நான்கு மடங்கானால் ஃபிரேம் நான்கில் ஒன்றாகிவிடும் என்று பயப்பட வேண்டாம். காட்சியில் எத்தனை பொருள்கள், எதிரிகள் எங்கே நகர்கிறார்கள் என்பதையெல்லாம் கணக்கிடும் பிராசஸரின் வேலை ரெசல்யூஷனோடு ஏறுவதில்லை. ஏறுவது பிக்சலுக்கு நிறம் பூசும் வேலை. அது எந்த கேமில் எவ்வளவு என்பதை ஊகிக்கவும் தேவையில்லை. இப்போது உங்களிடம் இருக்கும் 1080பி திரையிலேயே அளந்துவிடலாம்.

என்விடியா கார்டு என்றால் கண்ட்ரோல் பேனலில் டிஎஸ்ஆர் என்ற வசதியைத் திறந்து 4.00 மடங்கைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஏஎம்டி-யில் இதன் பெயர் விர்ச்சுவல் சூப்பர் ரெசல்யூஷன். அதன்பின் கேமின் அமைப்புகளில் 3840 × 2160 தேர்வாகத் தெரியும். கார்டு உண்மையிலேயே 4கே-யில் வரைந்து, பிறகு சுருக்கி உங்கள் திரையில் காட்டும். 1440பி-யைச் சோதிக்க 1.78 மடங்கு. நீங்கள் அதிகம் ஆடும் மூன்று கேம்களில், நெரிசலான காட்சி ஒன்றில் பத்து நிமிடம் ஆடி, வினாடிக்குச் சராசரி எத்தனை ஃபிரேம் என்பதோடு, மிக மெதுவாக வந்த ஒரு சதவீத ஃபிரேம்களின் வேகத்தைச் சொல்லும் '1% லோ' என்ற எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். சராசரி 70, 1% லோ 25 என்று வந்தால், கார்டுக்கு வேகம் இருக்கிறது, மெமரி போதவில்லை என்பதற்கு அது ஓர் அடையாளம். 8 ஜிபி கார்டுகள் 4கே-யில் அடிக்கடி தடுமாறுவது இந்த இடத்தில்தான். திருப்பத்தில் ஒரு கணம் உறையும், சுவரின் டெக்ஸ்சர் மங்கலாக வந்து பிறகு தெளியும். டெக்ஸ்சர் அளவை ஒரு படி குறைத்ததும் அது சரியானால் சந்தேகம் உறுதி. புதிய பெரிய கேம்களை 4கே-யில் ஆட 12 ஜிபி-யைக் குறைந்தபட்சமாகவும் 16 ஜிபி-யை நிம்மதியான அளவாகவும் கொள்ளலாம்.

சோதனையில் ஃபிரேம் போதாமல் போனால் 4கே ஆசையை விட்டுவிட வேண்டுமா என்றால், குறைந்த பிக்சலில் வரைந்து பெரிதாக்கும் அப்ஸ்கேலிங் வந்தபிறகு அப்படிச் சொல்ல முடியாது. என்விடியாவின் டிஎல்எஸ்எஸ், ஏஎம்டி-யின் எஃப்எஸ்ஆர் இரண்டும் 'குவாலிட்டி' நிலையில் அகலத்திலும் உயரத்திலும் மூன்றில் இரண்டு பங்கும், 'பெர்ஃபார்மன்ஸ்' நிலையில் பாதியும் வரைந்து, மீதியை முந்தைய ஃபிரேம்களின் தகவலைக் கொண்டு நிரப்புகின்றன. எனவே 4கே திரையில் குவாலிட்டி என்றால் உள்ளே ஓடுவது 2560 × 1440. பெர்ஃபார்மன்ஸ் என்றால் 1920 × 1080. 1440பி திரையில் குவாலிட்டி வைத்தால் உள்ளே 1707 × 960தான் ஓடும். இதை மனதில் வைத்து ஒப்பிட்டால் விஷயம் புரியும்: 4கே பெர்ஃபார்மன்ஸும் 1440பி குவாலிட்டியும் உள்ளே வரையும் அளவில் கிட்டத்தட்டப் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. ஆனால் 4கே திரையில் எழுத்து, மெனு, டெக்ஸ்சர் எல்லாம் 4கே-க்கு உரிய கூர்மையில் வருவதால் படம் தெளிவாக முந்துகிறது. நடுத்தர கார்டுக்கும் 4கே மானிட்டர் இன்று ஒத்துவருவதற்கு இதுவே வலுவான காரணம். அப்ஸ்கேலிங் செய்யும் வேலைக்கும் நேரம் பிடிக்கும் என்பதால், 4கே பெர்ஃபார்மன்ஸின் ஃபிரேம் 1080பி-யின் ஃபிரேமைவிடக் குறைவாகவே இருக்கும். அதையும் சோதனையில் சேர்த்தே அளக்க வேண்டும்.

ஃபிரேம் ஜெனரேஷனை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அது நடுவில் ஃபிரேம்களைச் செருகி அசைவைச் சீராகக் காட்டும். கை அசைவுக்கும் திரைக்கும் உள்ள தாமதத்தைக் குறைக்காது, சற்று கூட்டவே செய்யும். அடிப்படை ஃபிரேம் 60-ஐ ஒட்டி இருந்தால் நல்ல துணை. 30-ல் தள்ளாடும் கார்டை அது காப்பாற்றாது.

அப்ஸ்கேலிங் இல்லாத பழைய கேம்களில் ரெசல்யூஷனைக் குறைத்து ஆடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 4கே திரையில் 1080பி சரியாக 2 × 2 என்று உட்காரும். 1440பி ஒன்றரை மடங்காக உட்கார வேண்டியிருப்பதால் ஒரு பிக்சலின் நிறம் பக்கத்துப் பிக்சலில் வழிந்து படம் மங்கும். டிரைவரில் (கார்டின் மென்பொருளில்) பிக்சலை முழு எண் மடங்கில் மட்டும் பெரிதாக்கும் இன்டீஜர் ஸ்கேலிங்கை இயக்கினால் 1080பி கூர்மையாக வரும். 1440பி-க்கு அது உதவாது.

அசைந்தால் என்ன ஆகிறது

உயர் ரெசல்யூஷன் வாங்குபவர்கள் அதிகம் கவனிக்காமல் விடுவது இந்தப் பகுதியைத்தான். இன்றைய திரைகள் ஒரு ஃபிரேமைக் காட்டி, அடுத்தது வரும்வரை அதையே பிடித்து வைத்திருக்கின்றன. நகரும் பொருளைக் கண் தொடர்ந்து ஓடுகிறது. படமோ ஒரே இடத்தில் நிற்கிறது. அந்த முரண் விழித்திரையில் கலங்கலாகப் பதிகிறது. பேனல் எவ்வளவு வேகமானதாக இருந்தாலும் இது நிற்காது.

எவ்வளவு கலங்கும் என்பதையும் கணக்கிடலாம். 4கே திரையின் இடது ஓரத்திலிருந்து வலது ஓரத்துக்கு ஒரு பொருள் இரண்டு வினாடியில் கடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வினாடிக்கு 1920 பிக்சல். 60 ஹெர்ட்ஸில், அதாவது திரை வினாடிக்கு 60 முறை புதுப்பிக்கும்போது, ஒரு ஃபிரேம் 16.67 மில்லிவினாடி நிற்கும், ஆகவே 32 பிக்சல் அகலத்துக்குக் கலங்கல். 120 ஹெர்ட்ஸில் 16. 240 ஹெர்ட்ஸில் 8. அதே பொருள் 1080பி திரையில் அதே இரண்டு வினாடியில் கடந்தால் வேகம் பாதிதான், 960 பிக்சல். 120 ஹெர்ட்ஸில் கலங்கல் 8 பிக்சல். அடர்த்தி கூடக்கூட, அந்தக் கூர்மையை அசைவிலும் காப்பாற்ற ஹெர்ட்ஸும் கூட வேண்டும் என்பதுதான் இதன் பொருள். 60 ஹெர்ட்ஸ் 4கே மானிட்டர், நின்று நிதானமாக ஆடும் வியூக கேம்களுக்கும் படம் எடிட் செய்யவும் நல்ல திரை. ஓடிச் சுடும் கேமுக்கு அது 4கே-க்கான விலையை வாங்கிக்கொண்டு அசைவில் அதைப் பறித்துக்கொள்கிறது. 4கே-க்கு 120 அல்லது 144 ஹெர்ட்ஸ்தான் தொடக்கப் புள்ளி என்பது எங்கள் கருத்து. கார்டு 90 ஃபிரேம்தான் தரும் என்றாலும் 144 ஹெர்ட்ஸ் திரை வீணாகாது. ஃபிரேம் வரும் வேகத்துக்கே திரையின் ஹெர்ட்ஸை மாற்றும் 'மாறும் ரெஃப்ரெஷ் ரேட்' அந்த 90-ஐ அப்படியே காட்டும்.

பெட்டியில் '1 எம்எஸ்' என்று போட்டிருப்பதை நம்பி எதையும் முடிவு செய்ய வேண்டாம். பிக்சலின் நிறமாற்றத்தை விரைவுபடுத்தும் ஓவர்டிரைவை உச்சத்தில் வைத்து, மிகச் சாதகமான நிறமாற்றத்தில் அளந்த எண் அது. அந்த நிலையில் ஆடினால் நகரும் பொருளுக்குப் பின்னால் வெளிறிய நிழல் ஒன்று ஒட்டிக்கொண்டு வரும். பிக்சல் இலக்கைத் தாண்டிப்போய்த் திரும்புவதால் வருவது. 144 ஹெர்ட்ஸில் ஒரு ஃபிரேமுக்கு 6.94 மில்லிவினாடிதான். அதற்குள் பெரும்பாலான நிறமாற்றங்கள் முடிகின்றனவா, ஓவர்டிரைவ் நடுநிலையில் இருக்கும்போது என்ன ஆகிறது என்று அளந்து சொல்லும் விமர்சனங்களே பயன்படும்.

பேனல்

ஐபிஎஸ், விஏ இரண்டும் எல்சிடி பேனலின் வகைகள். ஐபிஎஸ் பேனலின் கான்ட்ராஸ்ட், அதாவது வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வெளிச்ச விகிதம், சுமார் 1000:1. இருட்டு அறையில் கறுப்பு சாம்பலாகத் தெரியும், மூலைகளில் ஒரு மங்கிய ஒளி படர்ந்திருக்கும். மற்றபடி நிறம், வேகம், எழுத்துக் கூர்மை, எந்தக் கோணத்திலும் மாறாத படம் என்று குறையில்லாத வேலைக்காரன். பகல் வெளிச்சத்தில் ஆடுபவருக்கும், அதே திரையில் நாள் முழுக்க வேலை செய்பவருக்கும் இதுவே பாதுகாப்பான தேர்வு. விஏ பேனலில் 3000:1-ஐத் தாண்டும் கான்ட்ராஸ்ட், ஆழமான கறுப்பு. ஆனால் பல விஏ பேனல்களில் கறுப்பிலிருந்து அடர் சாம்பலுக்கு மாறுவது மிக மெதுவாக நடப்பதால், குகையிலும் இரவுக் காட்டிலும் நகரும்போது மை இழுத்ததுபோலக் கறை தெரியும்.

ஓஎல்இடி-யில் ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிர்கிறது. கறுப்பு என்றால் முழுக் கறுப்பு, நிறமாற்றம் ஒரு மில்லிவினாடிக்கும் வெகு கீழே. அசைவில் இதற்கு ஈடு இல்லை. 4கே 240 ஹெர்ட்ஸ் ஓஎல்இடி-யை முதன்முதலாகப் பார்ப்பவருக்கு மேலே சொன்ன கலங்கல் கணக்கு நேரடியாகவே புரிந்துவிடும். பதிலுக்குச் சில நிபந்தனைகள் உண்டு. அசையாமல் ஒரே இடத்தில் நிற்கும் டாஸ்க்பார், உயிர்க்கோடு, மினிமேப் போன்றவை ஆண்டுக்கணக்கில் நின்றால் தடம் பதியக்கூடும். டாஸ்க்பாரைத் தானாக மறையவிடுங்கள். சில மணி நேரப் பயன்பாட்டுக்குப் பிறகு மானிட்டர் அணைந்த நிலையில் தானே செய்துகொள்ளும் பிக்சல் சீரமைப்பு ஓட இடம் கொடுங்கள். ஆடி முடித்ததும் சுவர் சுவிட்சை அணைத்துவிடும் பழக்கம் இருந்தால் அந்தச் சீரமைப்பு ஒருநாளும் முடியாது. துணைப் பிக்சல்களின் அமைப்பு வழக்கமான சிவப்பு-பச்சை-நீலக் கோடுகளாக இல்லாததால் எழுத்தின் ஓரத்தில் நிறச் சாயல் தெரியும். 1440பி ஓஎல்இடி-யில் இது உறுத்தும்; 4கே அடர்த்தியில் பெரும்பாலும் மறைந்துவிடும். க்யூடி-ஓஎல்இடி வகையில் அறை வெளிச்சம் நேராகப் பட்டால் கறுப்பு சற்றே ஊதா கலந்த சாம்பலாக வெளிறும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். ஜன்னலுக்கு எதிரே மேசை போட்டிருப்பவருக்கு இது முக்கியம்.

மிகப் பிரகாசமானதையும் மிக இருண்டதையும் ஒரே காட்சியில் காட்டும் எச்டிஆர் பற்றிச் சுருக்கமாக: 'டிஸ்ப்ளேஎச்டிஆர் 400' முத்திரைக்குத் திரையைப் பகுதி பகுதியாக மங்கவைக்கும் வசதி தேவையே இல்லை. சாதாரண எல்சிடி-யில் அந்த முத்திரையைப் பார்த்தால் எச்டிஆர் இல்லை என்றே எண்ணிக்கொள்ளலாம். பெயர் ஒத்திருந்தாலும் ஓஎல்இடி-க்கான 'ட்ரூ பிளாக் 400' வேறு முத்திரை; அது உண்மையான எச்டிஆர். எல்சிடி-யில் எச்டிஆர் வேண்டுமானால் நூற்றுக்கணக்கான மங்கல் மண்டலங்கள் உள்ள மினி எல்இடி-யைத் தேடுங்கள்.

கேபிளும் போர்ட்டும்

4கே, 144 ஹெர்ட்ஸ், 10 பிட் நிறம். பிக்சல் தரவு மட்டும் வினாடிக்கு 35.8 ஜிகாபிட் வரும். எச்டிஎம்ஐ 2.0 சுமக்கும் பயனுள்ள அளவு 14.4, 4கே-யில் 60 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். டிஸ்ப்ளேபோர்ட் 1.4 சுமப்பது 25.92, 4கே 120 ஹெர்ட்ஸ் 8 பிட் வரை அப்படியே போகும், அதற்கு மேல் டிஎஸ்சி என்ற தரவுச் சுருக்கம் வேண்டும். எச்டிஎம்ஐ 2.1-இன் முழு வேகம் 48 ஜிகாபிட், பயனுள்ளது 42 வரை. 4கே 240 ஹெர்ட்ஸ் 10 பிட்டுக்கு 60-ஐ ஒட்டி வேண்டும் என்பதால் அங்கே எச்டிஎம்ஐ 2.1-க்கும் டிஎஸ்சி தேவை. 80 ஜிகாபிட் வேகமுள்ள டிஸ்ப்ளேபோர்ட் 2.1-க்கு அது தேவையில்லை.

டிஎஸ்சி இருப்பதைக் குறையாகப் பார்க்க வேண்டாம். ஆடும்போது கண்ணால் கண்டுபிடிக்க முடியாத சுருக்கம் அது. அது இல்லாதபோதுதான் சிக்கல். 2018-ல் வந்த முதல் 4கே 144 ஹெர்ட்ஸ் மானிட்டர்களில் டிஎஸ்சி இல்லை. உச்ச வேகத்தில் நிறத் தகவலைப் பாதியாக்கி அனுப்பவேண்டி வந்தது. நிறமுள்ள பின்புலத்தில் எழுத்து கசங்கித் தெரிந்தது. இன்றும் தகுதிக்கு மீறிய இணைப்பில் அதிக ஹெர்ட்ஸ் வைத்தால், நீலப் பின்புலத்தில் சிவப்பு எழுத்து ஓரம் கரைவதுபோலத் தெரியும். அப்போது டிரைவரில் நிற வடிவம், நிறத் தகவலைக் குறைத்து அனுப்பும் 4:2:2 அல்லது 4:2:0 என்று மாறியிருக்கிறதா என்று பாருங்கள். 4:4:4 அல்லது ஆர்ஜிபி முழு வரம்பு என்பதுதான் இருக்க வேண்டியது.

'எச்டிஎம்ஐ 2.1' என்ற பெயரை மட்டும் நம்பி வாங்காதீர்கள். அந்த விதிமுறையில் அதிவேகம் உட்படப் பல அம்சங்கள் கட்டாயமில்லாதவை, பழைய 2.0 வேகத்திலேயே ஓடும் போர்ட்டும் 2.1 என்ற பெயரைத் தாங்கி வரலாம். விவரப் பட்டியலில் எத்தனை ஜிகாபிட் என்று எழுதியிருக்கிறதா, அந்தப் போர்ட்டில் 4கே எத்தனை ஹெர்ட்ஸ் என்று தனியாகக் குறித்திருக்கிறதா என்பதே சான்று. கேபிளில் 'அல்ட்ரா ஹை ஸ்பீட்' சான்று ஒட்டி இருக்க வேண்டும். முதல் சில வாரம் மானிட்டரோடு வந்த கேபிளையே பயன்படுத்துங்கள். ஓரிரு வினாடி திரை கறுத்து மீள்வது, வெள்ளைப் புள்ளிகள் மின்னுவது இரண்டும் பெரும்பாலும் கேபிளின் வேலை. நீளத்தைக் குறைத்தால் பாதி வழக்குகள் தீர்ந்துவிடும்.

வந்து இறங்கியபின்

கேபிளை மதர்போர்டில் செருகாமல் கிராபிக்ஸ் கார்டில் செருக வேண்டும். கேட்க எளிது, ஆனால் 'புது மானிட்டரில் கேம் ஓடவில்லை' என்ற புகாரில் இது திரும்பத் திரும்ப வருகிறது. விண்டோஸ் பல நேரம் 60 ஹெர்ட்ஸில்தான் தொடங்கும்; டிஸ்ப்ளே அமைப்புகளின் மேம்பட்ட பகுதியில் போய் உச்சத்துக்கு மாற்ற வேண்டும். அங்கே 144 தெரியவில்லை என்றால் மானிட்டரின் மெனுவிலேயே டிஸ்ப்ளேபோர்ட் பதிப்பு 1.2 என்று பூட்டப்பட்டிருக்கலாம். 27 அங்குல 4கே-யில் எழுத்து அளவை 150% ஆக்கினால் 1440பி-யில் இருக்கும் அதே இட வசதி, கூடுதல் கூர்மையோடு கிடைக்கும்.

மாறும் ரெஃப்ரெஷ் ரேட்டை மானிட்டரிலும் டிரைவரிலும் இரண்டு இடத்தில் இயக்கி, ஃபிரேமை உச்சத்துக்கு மூன்று குறைவாகப் பூட்டுங்கள். 144 என்றால் 141. அப்போது ஃபிரேம் வரம்பைத் தாண்டாது, ஃபிரேமைத் திரைக்காகக் காக்கவைக்கும் வி-சிங்கின் தாமதமும் வராது. விஏ, ஓஎல்இடி இரண்டிலும் லோடிங் திரையில் ஃபிரேம் தாறுமாறாக ஏறி இறங்கும்போது வெளிச்சம் துடிக்கலாம். அது பழுது இல்லை. ஆடும்போதே துடித்தால் ஃபிரேமை இன்னும் கீழே, கார்டு நிலையாகத் தரக்கூடிய எண்ணில் பூட்டிப் பாருங்கள்.

திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம், 20% சாம்பல் ஆகியவற்றை முழுத்திரையில் ஒவ்வொன்றாகப் போட்டு, விளக்கை அணைத்துப் பார்த்துவிடுங்கள். இறந்த பிக்சல் வெள்ளையில் தெரியும், ஓரத்தில் கசியும் ஒளி கறுப்பில் தெரியும், ஓஎல்இடி-யின் பட்டைகள் சாம்பலில் தெரியும். அதுவரை அட்டைப்பெட்டியையும் உள்ளே இருந்த தெர்மோகோலையும் தூக்கிப் போட வேண்டாம். அந்த மாடலுக்கென்றே வெட்டிய பொதி இல்லாமல் திருப்பி அனுப்பினால் பேனல் வழியில் விரிசல் விடக்கூடும்.